முதலில் வடிதாளைப் படியுங்கள்: காற்றுத் தரத் திட்டம் தீட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

நகரங்களின் காற்றுத் தரத் திட்டங்களைத் தீட்டி, நிதி ஒதுக்கி, நிறைவேற்றும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

துகள் மாசைக் குறைக்கவென்று ஒதுக்கப்படும் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் தூசியின் பின்னால் ஓடுகிறது. சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி, வானத்தை நோக்கி நீரைப் பீய்ச்சும் பீரங்கி, நாற்சந்தியில் நிற்கும் காற்று வடிகட்டிக் கோபுரம் என்று பட்டியல் நீள்கிறது. நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்துகளோ பெரும்பாலும் எரிப்பிலிருந்தும் வாயுக்களிலிருந்தும் பிறப்பது. அதில் கணிசமான பங்கு எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளியே வருவதே இல்லை; வாயுவாகக் கிளம்பி, காற்றில் மிதக்கும்போதே வினைபுரிந்து துகளாகிறது. தண்ணீர் லாரிக்கு அங்கே வேலையில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: எந்தத் திட்டத்துக்கும் பணம் ஒதுக்குமுன், உங்கள் காற்றில் மிதக்கும் துகளை வடிதாளில் (காற்றை வடிகட்டும் தாளில்) பிடித்து, அது எந்தெந்தப் பொருளால் ஆனது என்ற பகுப்பாய்வை ஒரு முழு ஆண்டுக்குச் செய்து முடியுங்கள். ஏன் கேட்கிறோம், செய்யும்போது எங்கெங்கே சறுக்கும், முடிவு வந்தபின் எதில் கைவைக்கலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

துகள் மாசைக் குறிக்கும் பிஎம் 10, பிஎம் 2.5 என்ற பெயர்களில் வரும் எண், மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்லப்படும் காற்றியக்க விட்டம். துகளின் வடிவமும் அடர்த்தியும் எப்படி இருந்தாலும் சரி, கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் அடர்த்தியுள்ள எந்த உருண்டை அதே வேகத்தில் கீழிறங்குமோ, அந்த உருண்டையின் விட்டத்தையே துகளின் விட்டம் என்கிறோம். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். 1 மைக்ரான் துகள் 0.035 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட முதலாவதற்கு ஐந்தரை நிமிடம் போதும். இரண்டாவதற்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். வெளிக்காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை என்பதால், நடைமுறையில் நுண்துகள் நாள்கணக்கில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். நகராட்சி எல்லைக்குள் மட்டும் வேலைசெய்யும் திட்டம் ஓரளவுக்குமேல் பலன் தராததற்கு இதுவே காரணம். பக்கத்து மாவட்டத்து அனல் நிலையமும் அதற்கடுத்த மாவட்டத்துக் கால்நடைப் பண்ணையும் உங்கள் காற்றில் பங்குதாரர்கள்.

எடைக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. எடை விட்டத்தின் மும்மடியைப் (விட்டத்தை மூன்று முறை பெருக்கியதைப்) பொறுத்தது என்பதால், ஒரே அடர்த்தியுள்ள ஒரு 10 மைக்ரான் துகளும் பத்து லட்சம் 0.1 மைக்ரான் துகள்களும் ஒரே எடை. பிஎம் 10 அளவை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி தோல்வியைச் சொன்னால், சாலைத் தூசியைக் கொஞ்சம் அடக்கியதும் வரைபடம் இறங்கிவிடும்; நுண்துகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இனி வேதியியல். சல்பர் டை ஆக்சைடு நிலக்கரியிலிருந்தும் கந்தகம் மிகுந்த எண்ணெயிலிருந்தும் வருகிறது. வெயிலில் ஹைட்ராக்சில் என்ற, எதோடும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறு அதை மெதுவாகக் கந்தக அமிலமாக்கும். மூடுபனித் துளிக்குள்ளும் மேகத் துளிக்குள்ளும் கரைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு அதே வேலையை மிக வேகமாக முடித்துவிடும். பனிமூட்ட நாள்களில் சல்பேட் திடீரென ஏறுவது இதனால்தான். உண்டான அமிலம் அம்மோனியாவைச் சந்தித்ததும் அம்மோனியம் சல்பேட் ஆகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு பகலில் ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்தும், இரவில் ஓசோன் வழியே டைநைட்ரஜன் பென்டாக்சைடாக மாறி ஈரத்துகளின் மேல் நீரோடு வினைபுரிந்தும் நைட்ரிக் அமிலமாகிறது. அதுவும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் ஆகிறது.

எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 64 கிராம் சல்பர் டை ஆக்சைடு முழுவதும் மாறினால் 132 கிராம் அம்மோனியம் சல்பேட் கிடைக்கும். ஒரு கிலோ வாயு இரண்டு கிலோவுக்குச் சற்று மேலான துகளாகிறது. 46 கிராம் நைட்ரஜன் டை ஆக்சைடு 80 கிராம் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. அம்மோனியாவின் கணக்குத்தான் தலைசுற்ற வைக்கும்: 17 கிராம் அம்மோனியா 80 கிராம் நைட்ரேட் துகளைக் கட்டிப்போடுகிறது, அதாவது கிலோவுக்கு 4.7 கிலோ. வாயு முழுவதும் மாறுவதில்லை, ஒரு பகுதி தரையில் படிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் "துகள் உமிழ்வு" என்ற நிரலில் பூச்சியம் என்று எழுதப்படும் ஓர் ஆலைக்கு உங்கள் பிஎம் 2.5-இல் எவ்வளவு பங்கு இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து புரியும்.

இந்த மூன்று வாயுக்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. அம்மோனியா முதலில் கந்தக அமிலத்தைத்தான் நடுநிலையாக்கும்; மிச்சம் இருந்தால்தான் நைட்ரேட். ஆகவே சல்பரை மட்டும் குறைத்தால், விடுபட்ட அம்மோனியா நைட்ரேட்டை உண்டாக்கி, எதிர்பார்த்த பலனில் ஒரு பங்கை விழுங்கிவிடலாம். அம்மோனியா ஏராளமாக இருக்கும் இடத்தில் அதைக் கொஞ்சம் குறைப்பதால் ஒன்றும் நடக்காது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வேண்டும். அம்மோனியா பற்றாக்குறையாக இருக்கும் இடத்தில் கதை நேர்மாறு. உங்கள் ஊர் எந்த வகை என்பது சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் மூன்றோடு வாயுநிலை அம்மோனியாவையும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்து அளந்தால் மட்டுமே தெரியும். வேறொரு நகரத்தின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்ட முடியாது.

கரிமப் பகுதி இதைவிடச் சிக்கலானது. விறகும் குப்பையும் பயிர்க்கழிவும் எரியும்போது வரும் புகைத்துகள் ஒருபுறம். பெயிண்ட், கரைப்பான், பெட்ரோல் ஆவியில் உள்ள டொலுயீன், சைலீன் போன்றவையும், மரங்களே வெளிவிடும் ஐசோப்ரீன், டெர்பீன்களும் ஆக்சிஜனேற்றமடைந்து ஆவியாகும் தன்மை குறைந்து, துகளின் மேல் ஒட்டிக்கொள்வது மறுபுறம்.

மூலத்தைக் கண்டுபிடிக்கத் துகளுக்குள்ளேயே தடயங்கள் இருக்கின்றன. லீவோகுளுக்கோசான் இருந்தால் மரமும் செடியும் எரிந்திருக்கின்றன; செல்லுலோஸ் வெந்து சிதையும்போது உண்டாவது அது. வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வந்தால் கப்பல்களிலும் கொதிகலன்களிலும் எரியும் கனரக எண்ணெய். பேரியம், செம்பு, ஆன்டிமனி மூன்றும் கூட்டாக வந்தால் பிரேக் பட்டையின் தேய்மானம். அலுமினியம், சிலிக்கான், டைட்டேனியம் மண்ணைக் காட்டும். பொட்டாசியத்தை மட்டும் வைத்து உயிர்ம எரிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். மண்ணிலும் அது உண்டு, வாணவேடிக்கையிலும் உண்டு. இந்தத் தடயங்களை வைத்து மூலவாரியாகப் பங்கு பிரிக்கும் கணிதம் நன்கு தெரிந்ததுதான். அதற்குக் கொடுக்கும் தரவு சரியில்லையென்றால் மட்டும், விடை அழகாகவும் தவறாகவும் வரும்.

ஆகவே அளவீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

எடையறி முறையில் 47 மில்லிமீட்டர் டெஃப்லான் வடிதாள் வழியே நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுக்கிறோம். மொத்தம் 24 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் இருந்தால், தாளில் சேர்வது 360 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். டெஃப்லானில் நிலைமின்னூட்டம் எளிதில் ஏறும்; அதை நீக்காமல் தராசில் வைத்தால் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். எடைபோடும் அறையின் ஈரப்பதமும் முக்கியம். அமெரிக்க முறையில் 20 முதல் 23 டிகிரி வெப்பத்திலும் 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைத்துவிட்டு எடைபோடுவார்கள். ஐரோப்பிய முறையில் 19 முதல் 21 டிகிரி, 45 முதல் 50 சதவீதம். துகளிலுள்ள உப்புகள் நீரை உறிஞ்சுவதால் ஒரே தாள் இரண்டு ஆய்வகங்களிலும் ஒரே எடை காட்டாது. ஒப்பந்தப் புள்ளியில் எந்த முறை என்று எழுதாமல் விட்டால், அடுத்த ஆண்டு ஆய்வகம் மாறும்போது காற்றே மாறிவிட்டதுபோல் தோன்றும்.

வெறுந்தாள்களையும் களத்துக்கு எடுத்துச் சென்று, காற்றை இழுக்காமல் திரும்பக் கொண்டுவந்து எடைபோடச் சொல்லுங்கள். அதன் எடை 30 மைக்ரோகிராமுக்குமேல் மாறியிருந்தால் கையாள்வதில் கோளாறு இருக்கிறது. செலவு என்று முதலில் வெட்டப்படுவது இதுதான். வெட்டக் கூடாததும் இதுதான்.

அம்மோனியம் நைட்ரேட் வெயிலில் நிற்கும் கருவிக்குள்ளேயே அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் பிரிந்து பறந்துவிடும். டெஃப்லான் தாளில் கிடைக்கும் நைட்ரேட் கோடையில் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். சரியாக அளக்க, முதலில் வாயுநிலை நைட்ரிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் குழாயைக் கடந்து, பிறகு நைலான் தாளில் சேகரிக்க வேண்டும். கரிமத்துக்குக் குவார்ட்ஸ் தாள் வேண்டும். டெஃப்லானே கார்பன் சேர்மம் என்பதால் உதவாது. குவார்ட்ஸுக்கும் ஒரு குறை உண்டு. கரிம ஆவியையும் அது உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கரிமம் கூடுதலாகத் தெரியும். ஆக ஒரு முழுப் பகுப்பாய்வுக்கு மூன்று வகைத் தாள்களும் இணையாக ஓட வேண்டும். சேகரித்த தாள்களை 4 டிகிரிக்குக் கீழே குளிர்ப்பெட்டியில் கொண்டுவர வேண்டும். காரின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுவந்தால் ஆய்வகத்துக்கு வந்துசேர்வது பாதி நைட்ரேட்தான்.

ஓட்ட அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2.5 மைக்ரானுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் தலைப்பகுதி, காற்று குறிப்பிட்ட வேகத்தில் வளைந்து திரும்புவதை நம்பியே இயங்குகிறது. பம்பு தளர்ந்து ஓட்டம் குறைந்தால் பெரிய துகளும் உள்ளே போய்விடும். மாதம் ஒருமுறை வெளி அளவியை வைத்து ஓட்டத்தைச் சோதித்து, 4 சதவீதத்துக்குமேல் விலகினால் சரிசெய்யுங்கள். கசிவுச் சோதனையும் அன்றே. தலைப்பகுதியில் படிந்த அழுக்கைத் துடைக்காமல் விட்டால், அதில் மோதும் பெரிய துகள் ஒட்டாமல் துள்ளி வடிதாளுக்குப் போய்விடும்.

படிந்த துகள் பீட்டாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து எடையை அறியும், தொடர்ந்து இயங்கும் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தை அகற்றுகின்றன. சூடு கூடினால் நைட்ரேட் போய்விடும், குறைந்தால் நீரும் சேர்ந்து எடையாகும். மலிவான லேசர் சென்சார்களில் பெரும்பாலானவற்றில் சூடாக்கியே கிடையாது. 90 சதவீத ஈரப்பதத்தில் அம்மோனியம் சல்பேட் துகளின் விட்டம் சுமார் 1.7 மடங்காகிறது, கனஅளவு ஏறத்தாழ ஐந்து மடங்கு. பனி படர்ந்த விடியலில் சென்சார் காட்டும் பயங்கர எண்ணில் பெரும்பகுதி தண்ணீராக இருக்கலாம். அதே சென்சார் 0.3 மைக்ரானுக்குக் கீழே அரைக்குருடு. டீசல் புகையில் எண்ணிக்கையில் பெரும்பாலான துகள்கள் அங்கேதான் இருக்கின்றன. காற்றோடு வரும் மணல் தூசியையும் அது கோட்டைவிடும். சென்சாரை வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தரமான நிலையத்தின் பக்கத்திலேயே ஒவ்வொரு பருவத்திலும் சில வாரம் ஓடவிட்டு, ஈரப்பதத்தைச் சேர்த்துத் திருத்தச் சூத்திரம் கண்டபிறகு வெளியிடுங்கள்.

வானிலையையும் கழித்துப் பாருங்கள். இரவில் தரையருகே காற்று குளிர்ந்து மேலடுக்கு மூடிபோல் உட்காரும்போது, கலப்பு அடுக்கு (தரையிலிருந்து மாசு கலந்து பரவும் உயரம்) 1000 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்கு இறங்கினால், உமிழ்வு ஒரு கிராம்கூடக் கூடாமலே செறிவு ஐந்து மடங்காகும். மழை மிகுந்த ஓர் ஆண்டை வறண்ட ஆண்டோடு ஒப்பிட்டு "இத்தனை சதவீதம் குறைத்தோம்" என்று அறிக்கை விடுவது கணக்காகாது. வானிலைத் திருத்தம் செய்த எண்ணைப் பக்கத்திலேயே கொடுங்கள்.

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5-க்கான ஆண்டு வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 10-லிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. 24 மணி நேர அளவு 15. வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள துகளையும் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் முதல் பிரிவில் சேர்த்தது. 2021 வழிகாட்டுதலுக்கு அடிப்படையான ஆய்வுத் தொகுப்பின்படி, நீண்டகால பிஎம் 2.5 அளவு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு விகிதம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இதில் பெரும்பங்கு. இருமல், இளைப்பு என்று மட்டும் நினைப்பது தவறு. மாசு ஏற ஏற இறப்பு எப்படி ஏறுகிறது என்று காட்டும் கோடு நேர்கோடல்ல என்பதே திட்டம் வகுப்போருக்கு முக்கியமான செய்தி. கீழ்மட்டத்தில் செங்குத்தாக ஏறி, மேலே போகப்போகப் படுக்கிறது. 100-லிருந்து 80-க்கு வருவதால் காப்பாற்றப்படும் உயிர்களைவிட, 40-லிருந்து 20-க்கு வருவதால் காப்பாற்றப்படுவோர் அதிகம். முதல் இறக்கத்துக்குப் பிறகு "போதும்" என்று நிறுத்தும் திட்டம், பலன் கொழிக்கும் இடத்துக்கு வருமுன்பே திரும்பிவிடுகிறது.

இப்போது அந்தக் கோபுரம். 30 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு நகரத்தின் மேல் 500 மீட்டர் உயரத்துக்குக் காற்று கலக்கிறது என்று வைத்துக்கொண்டால் 45,000 கோடி கன மீட்டர். நொடிக்கு 1000 கன மீட்டர் வடிகட்டும் ராட்சதக் கோபுரம் ஒரு நாளில் 8.64 கோடி கன மீட்டரைத்தான் வடிகட்டும். அந்தக் காற்று முழுவதையும் ஒருமுறை உள்ளே இழுக்க 14 ஆண்டுக்குமேல் ஆகும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்றே நாலு மணி நேரத்தில் நகரத்தின் காற்று முழுவதையும் மாற்றிவிடுகிறது. இதற்குமேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

நீர்ப்பீரங்கியும் அப்படியே. நீர்த்துளி பெரிய துகளை மோதிப் பிடிக்கும், 0.05 மைக்ரானுக்கும் கீழான துகள் தானே அலைந்து துளியில் ஒட்டும். 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளது இரண்டுக்கும் சிக்காமல் துளியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நுண்துகள் எடையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சாலைத் தூசியை அடக்கத்தான் வேண்டும் என்றால், உலர்ந்த துடைப்ப வண்டியை விட்டுவிட்டு உறிஞ்சும் வண்டியை வாங்குங்கள். சாலையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் 75 மைக்ரானுக்குக் குறைந்த வண்டல் கிடக்கிறது என்று அளந்து அதையே ஒப்பந்தத்தின் அளவுகோலாக வையுங்கள். எத்தனை கிலோமீட்டர் கூட்டினார்கள் என்பது பில் போட உதவும், அவ்வளவுதான்.

பகுப்பாய்வு நைட்ரேட்டைக் காட்டி, அம்மோனியாதான் பற்றாக்குறைக் கண்ணி என்றும் தெரிந்தால், வேளாண் துறையோடு உட்காருங்கள். யூரியாவை ஈரமண்ணின் மேல் தூவி விட்டுவிட்டால் யூரியேஸ் நொதி அதை உடைத்து அம்மோனியாவாக்கி மேலே அனுப்பும். பயிருக்குப் போக வேண்டிய நைட்ரஜனும் வீண். மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் வைப்பது, தூவிய உடனே நீர் பாய்ச்சி இறக்குவது, யூரியேஸ் தடுப்பான் பூசிய யூரியா, சாணக் கரைசல் தொட்டிக்கு மூடி, எருவைப் பரப்பிய சில மணி நேரத்துக்குள் உழுது மூடுவது என எல்லாமே நடைமுறையில் உள்ளவை. உழவருக்கும் உரச்செலவு மிச்சம் என்பதால் இங்கே எதிர்ப்பு குறைவாகவே இருக்கும்.

டீசல் வண்டிகளின் புகைச் சோதனையில் ஓட்டை இருக்கிறது. புகையின் கருமையை அளக்கும் பழைய கருவி, துகள் வடிகட்டி உடைந்த அல்லது கழற்றப்பட்ட புதிய வண்டியையும் "நலம்" என்று அனுப்பிவிடும். அந்தப் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜெர்மனி 2023 முதல், நின்ற வண்டியின் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள் என்று எண்ணுகிறது. 2,50,000-ஐத் தாண்டினால் வண்டி தேறாது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் இதே வகைச் சோதனையை நடத்துகின்றன. கருவியைப் புகைக்குழாயில் செருகி சில நிமிடங்களில் முடியும் வேலை.

ஆலைப் புகைபோக்கிகளுக்கான உரிமத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, குளிர்ந்தபின் துகளாகும் ஆவி. 120 முதல் 150 டிகிரி சூட்டில் புகைபோக்கிக்குள் வைக்கும் வடிதாள் இதைப் பிடிக்காது. வாயுவாகக் கடந்துபோய் வெளியே குளிர்ந்ததும் துகளாகிவிடும். குளிர்வித்து அளக்கும் முறையையும் சேர்த்தே அறிக்கை கேளுங்கள். இரண்டாவது, கொதிகலன் தொடங்கும் நேரமும் நிறுத்தும் நேரமும். அப்போது மின்னியல் வீழ்படிவாக்கிக்கு (மின்னூட்டத்தால் புகையிலுள்ள துகளைப் பிடிக்கும் கருவிக்கு) மின்சாரம் கொடுக்காமலே எண்ணெயை எரிப்பார்கள். அந்த மணிகளின் தரவைச் சராசரியிலிருந்து நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. நீக்காமல் தனி நிரலில் காட்டச் சொல்லுங்கள். சல்பர் குறைந்த நிலக்கரிக்கு மாறும் ஆலையில் சாம்பலின் மின்தடை ஏறி வீழ்படிவாக்கியின் திறன் சரியும் என்பதால், எரிபொருள் மாற்றத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, புகையைத் துணிப்பைகள் வழியே வடிக்கும் பை வடிகட்டி. ஆயிரம் பைகளில் இரண்டு கிழிந்தாலும் புகைபோக்கி முனையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக உரசல்மின் கசிவு உணரி (துகள் உரசி உண்டாகும் மின்னூட்டத்தை வைத்துக் கசிவைக் காட்டும் கருவி) வைத்து, எச்சரிக்கை ஒலித்த நேரத்தையும் பை மாற்றிய நேரத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அமிலப் பனிநிலைக்கு (அமில ஆவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே வாயு குளிர்ந்தால் பைத்துணி அடைத்துக்கொண்டு அரிக்கும் என்பதால், நுழைவாயில் வெப்பநிலைப் பதிவும் அதே ஏட்டில் இருக்கட்டும். அந்த ஏட்டின் நகலை ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிக் கேட்டு வாங்கும் உரிமையை உரிமத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
காற்றுத் துகள் அளவீட்டிலும் பகுப்பாய்விலும் பணிபுரிவோர்